டிஜிட்டல் பியானோவில் வாசித்ததைப் பதிவு செய்வது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் புளோக்கிலும் சுற்றியுள்ள நாலைந்து புளோக்குகளிலும் ஒரே டீச்சரிடம் பியானோ கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். "வாரம் ஒரு தடவை வீட்டில் வாசித்ததைப் பதிந்து அனுப்புங்கள்" என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து குழுவில் இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் விரலில் தட்டித் தட்டிப் பதில் சொல்லிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். நான் பியானோ டீச்சர் இல்லை. மகளோடு உட்கார்ந்து 42 வயதில் சரளி வரிசையைக் கட்டையில் தடவித் தடவி ஆரம்பித்தவள். பொருளோடு வரும் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

அக்கா, ரெக்கார்ட் பட்டனை அமுக்கினா நாம வாசிக்கிற சத்தம்தானே உள்ளே போகுது?

பெரும்பாலான பியானோக்களில் சத்தம் போவதில்லை. எந்தக் கட்டை எப்போது இறங்கியது, எவ்வளவு வேகமாக இறங்கியது, எப்போது மேலே வந்தது, பெடலை எப்போது மிதித்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற கணக்குதான் உள்ளே போகிறது. இதற்குப் பெயர் மிடி. கட்டை இறங்கிய வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண் விழும். பாட்டு டீச்சர் நோட்டில் எழுதித் தரும் சுரக் குறிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் காதில் வைத்தால் பாட்டு கேட்காது, யாராவது பார்த்துப் பாட வேண்டும். பிளே அமுக்கும்போது பியானோ அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே மறுபடி வாசிக்கிறது.

இன்னொரு வகை, சத்தத்தையே பதிவது. வேவ் கோப்பு என்பார்கள். குறுந்தட்டுத் தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். அதே ஒரு நிமிட வாசிப்பு மிடியில் சில கேபிதான். கொஞ்சம் விலை கூடிய பியானோக்கள் இரண்டு வகையிலும் பதியும். உங்கள் பியானோ எந்த வகை என்பதை முதலில் கையேட்டில் பாருங்கள். கீழே வருகிற பாதிக் கேள்விகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

விரலின் வேலையை எழுதி வைத்துத் திருப்பி வாசிக்கும் யோசனை ரொம்பப் பழசு. 1904-லேயே ஜெர்மனியில் வெல்ட்டே நிறுவனம் காகிதச் சுருளில் துளை போட்டு, பியானோ கலைஞர் அழுத்தியதையும் மிருதுவாகத் தொட்டதையும் சேர்த்துத் திருப்பி வாசிக்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. மிடி வந்தது 1983-ல். அந்த ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதிலும் கேட்கும்படி செய்து காட்டினார்கள். இன்றைக்கும் உங்கள் வீட்டுப் பியானோ பேசுவது அந்த மொழியைத்தான்.

எங்க பியானோவில ரெக்கார்ட் பட்டனே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. விலை குறைந்த மாடல்களில் இந்த வசதி இருக்காது. யமஹா பி-45 இங்கே பல வீடுகளில் உண்டு, கரோசெல் செயலியில் பழையதாகவும் நிறையக் கிடைக்கும். அதில் பதியும் வசதி கிடையாது. ஆனால் பின்பக்கம் சதுரமாக ஒரு யுஎஸ்பி துளை இருக்கும், பிரின்டருக்குச் செருகுவோமே, அதே வடிவம். அதிலிருந்து ஃபோனுக்கோ கணினிக்கோ கேபிள் போட்டால் மிடி போகும், செயலியில் பதிந்துகொள்ளலாம். ஐஃபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். கேபிள் சிம் லிம் ஸ்கொயரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், தங்க முலாம் பூசியது என்று எடுத்துக் காட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை பாட்டு பதியலாம்?

மாடலைப் பொறுத்தது. உதாரணத்துக்கு யமஹா பி-125-ல் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம், சுமார் 11,000 சுரங்கள் வரை. பிள்ளைகளின் எந்தப் பாடமும் அதில் கால்வாசியைக் கூடத் தொடாது. பிரச்சினை அந்த "ஒரே ஒரு" என்பதில்தான், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நேத்து பதிஞ்சது இன்னைக்குக் காணோம். எங்க போச்சு?

மேலேயே இன்னொன்றைப் பதிந்திருப்பீர்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் இடமுள்ள பியானோவில் மறுபடி ரெக்கார்ட் அமுக்கி ஒரு கட்டையைத் தொட்டாலே பழையது போய்விடும். "அழிக்கவா?" என்று கேட்கத் திரை கூடக் கிடையாது. எங்கள் வீட்டில் மகள் மூன்று வாரம் உழைத்துத் தப்பில்லாமல் வாசித்த ஒரு பாடம், நான்கு வயதுத் தம்பி ரெக்கார்ட் பட்டனின் சிவப்பு விளக்கு அழகாக இருக்கிறது என்று அமுக்கி, ஒரே ஒரு "டங்" தட்டியதில் போயிற்று. அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்கவில்லை, சாங்கியில் போய்ச் சாப்பிட்டோம்.

இன்னும் சில காரணங்கள்: பதிவை நிறுத்தாமலே பவரை அணைத்தால் போய்விடும். சில பழைய மாடல்கள் அணைத்தாலே மறந்துவிடும். ஏதோ சரியில்லை என்று ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் பல பியானோக்களில் பதிவும் சேர்ந்து போகும். ஆகவே நன்றாக வந்த பதிவை அன்றைக்கே தம்ப் டிரைவுக்கோ கணினிக்கோ நகல் எடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

வலது கை தனியா, இடது கை தனியா பதிய முடியுமா?

முடியும், பிள்ளைகளுக்கு இதைவிட உதவியான வசதி வேறு இல்லை. பல மாடல்களில் இரண்டு டிராக் உண்டு. முதலில் ஒன்றில் இடது கையை மட்டும் வாசித்துப் பதியுங்கள். அப்புறம் அதை ஓடவிட்டு இரண்டாவது டிராக்கில் வலது கையைப் பதியுங்கள். எந்தப் பட்டனை எதோடு சேர்த்து அமுக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதை மட்டும் கையேட்டில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் டிராக்கை மெட்ரோனோம் (தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டும் வசதி) இல்லாமல் பதிந்தால் இரண்டாவது கை படும் பாடு சொல்லி மாளாது. நீங்களே எங்கே இழுத்தீர்கள், எங்கே ஓடினீர்கள் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது. தாளத்தைப் பிடித்துக்கொண்டு பதியுங்கள்.

மெட்ரோனோம் போட்டு வாசிச்சா அந்த டிக் டிக் சத்தமும் பதிவாயிடுமா?

மிடிப் பதிவில் ஆகாது. டிக் டிக் நீங்கள் வாசித்த சுரம் இல்லையே. சத்தத்தைப் பதியும்போதும் பெரும்பாலான பியானோக்கள் அதை விட்டுவிடும். ஆனால் ஃபோனை மேலே வைத்து வீடியோ எடுத்தால் கண்டிப்பாக விழும்.

கர்நாடக சங்கீதமும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு: ஆதி தாளத்துக்கு 4 என்று வைத்து இரண்டு சுற்றை ஓர் ஆவர்த்தனமாக எண்ணிக்கொள்ளலாம், ரூபகத்துக்கு 3 போதும். மிஸ்ர சாபுக்கு 7 வைக்கும் வசதி சில மாடல்களில்தான் இருக்கும். இல்லையென்றால் முதல் அடியின் மணியை அணைத்துவிட்டு வெறும் டிக்கை மட்டும் ஓடவிட்டு வாயால் தகிட தகதிமி சொல்லிக்கொள்ளுங்கள்.

பதிஞ்சதை மெதுவா ஓட்டிக் கேட்டா சுருதி இறங்கிடாதா?

மிடியில் இறங்காது. பியானோ குறிப்பைப் பார்த்து நிதானமாக வாசிக்கிறது, அவ்வளவுதான். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள், எந்த விரல் முந்துகிறது என்று அப்பட்டமாகத் தெரியும். வேவ் பதிவைப் பல பியானோக்களில் வேகம் மாற்றவே முடியாது. ஃபோன் செயலியில் மாற்றலாம், ஆனால் ரொம்பக் குறைத்தால் தண்ணீருக்குள் வாசித்த மாதிரி இருக்கும்.

தம்ப் டிரைவைச் செருகினா 'எரர்'னு வருது. புதுசுதான் வாங்கினேன்.

புதுசு என்பதுதான் பிரச்சினையாக இருக்கும். 64 ஜிபி, 128 ஜிபி டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. பல பியானோக்களுக்கு ஃபேட்32 தான் படிக்கத் தெரியும். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பழைய டிரைவ் ஒன்றை மேசை இழுப்பறையில் தேடி எடுங்கள், உள்ளே இருப்பதை வேறு எங்காவது எடுத்து வைத்துவிட்டு பியானோவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருக்கும் எல்லாம் அழியும். ஒருவர் மகனின் பள்ளிப் புராஜெக்ட் இருந்த டிரைவில் செய்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். நான் என்ன செய்ய முடியும், ஆறுதல்தான் சொன்னேன்.

இன்னொன்று: தம்ப் டிரைவ் செருகும் துளை நீள்சதுரமானது. மேலே சொன்ன சதுரத் துளை கணினிக்கு. நீள்சதுரத் துளையே இல்லாத பியானோவில் தம்ப் டிரைவ் வேலை செய்யாது.

ஊர்ல பாட்டிக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினேன், திறக்கவே மாட்டேங்குதாம்.

மிடி கோப்பை அனுப்பியிருக்கிறீர்கள். முதல் பதிலில் சொன்ன நோட்டுதான் அது. பாட்டியின் ஃபோனில் அதைப் பாடிக்காட்ட ஆள் இல்லை. நானும் தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவுக்கு இப்படித்தான் அனுப்பி, "கண்ணு, வெறும் பேப்பர் படம்தான் வருது" என்று பதில் வாங்கினேன்.

கணினியில் திறந்தால் ஓடும், ஆனால் அது வேறு அதிர்ச்சி. விண்டோஸ் தன்னிடம் உள்ள சிறிய ஒலித் தொகுப்பை வைத்து வாசிக்கும், பொம்மைப் பியானோ மாதிரி கேட்கும். பக்கத்து வீட்டுப் பியானோவில் போட்டாலும் வேறு மாதிரி இருப்பதற்கு இதே காரணம்தான், குறிப்பு ஒன்று, வாசிக்கிற கருவி வேறு. ஆகவே மனிதர்களுக்கு அனுப்புவது என்றால் சத்தமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். சில பியானோக்கள் மிடியை வேவ் கோப்பாக மாற்றித் தம்ப் டிரைவில் தரும். அந்த வசதி இல்லையென்றால் பியானோவில் பதிவை ஓடவிட்டு அடுத்த பதிலில் சொல்கிறபடி ஃபோனில் பிடியுங்கள்.

ஃபோன்ல வீடியோ எடுத்தா பியானோ சத்தம் தகர டப்பா மாதிரி கேட்குது, கேட்கவே முடியல லா.

ஃபோனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானே அமுக்கும், குறைந்தால் தானே ஏற்றும். பிள்ளை கஷ்டப்பட்டு மெதுவாக வாசித்த இடமும் ஓங்கி வாசித்த இடமும் ஒரே மட்டமாகப் போய்விடும். முதலில் செலவில்லாத வழி: ஃபேனை அணையுங்கள். நம் வீடுகளில் ஃபேன் ஓடுவது நமக்கே கேட்காது, பதிவில் "ஹூ" என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோனைப் பியானோவின் மேல் வைக்காமல் ஒரு ஆள் தூரத்தில், காது உயரத்தில் வையுங்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையைவிட, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறையில் நன்றாக வரும்.

செலவு செய்யத் தயார் என்றால் பியானோவின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (சத்தத்தை ஃபோனுக்கும் கணினிக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வழியாக ஃபோனுக்கோ கணினிக்கோ கேபிள் போடுங்கள். அறையின் சத்தம் எதுவும் விழாது. சில மாடல்களில், மேலே சொன்ன பி-125 போன்றவற்றில், சதுர யுஎஸ்பி வழியாகவே சத்தமும் போகும், தனிப் பெட்டி தேவையில்லை. பி-45-ல் அப்படிப் போகாது, மிடி மட்டும்தான்.

ராத்திரி ஹெட்போன் போட்டு வாசிச்சுப் பதியலாமா? கீழ்வீட்டுக்குக் கேட்காதே?

பதிவுக்கு ஒரு குறையும் வராது, உள்ளே பதிவதற்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை. கீழ்வீட்டுக்குக் கேட்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். எங்கள் கீழ்வீட்டுச் சீனப் பாட்டி மின்தூக்கியில் என்னை நிறுத்தி, ராத்திரியில் சம்பல் இடிக்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். கட்டைகள் அடியில் மோதுகிற "டொக் டொக்" ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி அவர் வீட்டுக் கூரையில் கேட்டிருக்கிறது. குழந்தைகள் விளையாடும் தடித்த நுரைப் பாயைக் கால்களுக்கு அடியில் இரண்டடுக்காகப் போட்டேன். இப்போது சம்பல் புகார் இல்லை.

புளூடூத் ஹெட்போன் வேண்டாம். கட்டையை அமுக்கிய பிறகு சத்தம் பின்னாலேயே ஓடிவரும், அதைக் கேட்டு வாசித்தால் தாளம் சிதறும். கேபிள் உள்ளதைப் போடுங்கள்.

பொண்ணு பாட, நான் பதிஞ்சதை ஓடவிடணும். அவளுக்கு 5 கட்டை, நான் வாசிச்சது 1 கட்டையில. மறுபடி பதியணுமா?

வேண்டாம், சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வசதி இருக்கிறது. இங்கே கட்டை என்றால் பாடும் சுருதி: 1 கட்டை என்பது சி, 5 கட்டை என்பது ஜி. சி-யிலிருந்து ஜி-க்கு மேலே போனால் 7 அரைச்சுரம், கீழே போனால் 5. பல பியானோக்கள் மேலும் கீழும் 6 வரைதான் போகும், அதனால் கீழே 5, அதாவது மைனஸ் 5 என்று வையுங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் மைனஸ் 4. தீபாவளி நிகழ்ச்சிக்கு சமூக மன்ற மேடையில் ஏறிய பிறகு இந்தக் கணக்கைப் போடாமல் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாடல்களில் டிரான்ஸ்போஸ் நீங்கள் வாசிக்கும் கட்டைகளை மட்டும் மாற்றும், ஓடுகிற பதிவை மாற்றாது. ஒருமுறை ஓடவிட்டுக் கூடவே ஸட்ஜத்தைத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். கமகம் பதிவாகுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பியானோவில் கமகமே வாசிக்க முடியாதே, பதிவு எங்கிருந்து வரும்?

கணினியில இணைச்சா ஒவ்வொரு சுரமும் ரெண்டு தடவை கேட்குது.

பியானோவும் சத்தம் போடுகிறது, கணினியில் உள்ள மென்பொருளும் அதே சுரத்தை நொடியில் ஒரு சிறு பகுதி பிந்தி வாசிக்கிறது. பியானோ அமைப்பில் லோக்கல் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கும், கட்டையை அமுக்கினால் பியானோ தானே சத்தம் போடுவது அதனால்தான், அதை ஆஃப் செய்யுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள். மறந்தால் அடுத்த நாள் காலையில் பியானோ செத்துவிட்டது என்று குழுவில் செய்தி வரும், இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது.

எல்லாம் நல்லா வந்து ஒரே ஒரு சுரம் தப்பாயிடுச்சு. அதை மட்டும் மாத்தலாமா?

மிடிப் பதிவு என்றால் மாற்றலாம். கணினியில் திறந்தால் ஒவ்வொரு சுரமும் ஒரு சின்னக் கோடாகத் தெரியும். தப்பான கோட்டை மேலே கீழே நகர்த்தினால் போதும். பக்கத்திலேயே குவான்டைஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அது எல்லாச் சுரத்தையும் தாளக் கட்டத்துக்குள் தள்ளிவிடும். அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன், பாட்டு கைப்பேசி ரிங்டோன் மாதிரி ஆகிவிட்டது.

டீச்சருக்கு அனுப்புவதைத் திருத்தாதீர்கள். தப்பைக் கேட்கத்தானே பதிவு கேட்கிறார்.

அப்போ இப்படித் திருத்தினதை கிரேடு தேர்வுக்கு அனுப்பலாமா?

கூடாது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டன் இசைத் தேர்வு அமைப்பு 2020-ல் கொண்டுவந்த பெர்ஃபாமன்ஸ் கிரேடு தேர்வுக்கு வீடியோதான் அனுப்ப வேண்டும். நான்கு உருப்படிகளையும் ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தி வெட்டி ஒட்டாமல் வாசிக்க வேண்டும். டிஜிட்டல் பியானோவை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் கட்டைகளின் கனம், பெடல் இவற்றுக்கெல்லாம் நிபந்தனை உண்டு. அவர்கள் தளத்தில் அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பியானோவின் உள்பதிவை ஒத்திகைக்குப் பயன்படுத்துங்கள். நான்கையும் நிறுத்தாமல் வாசித்துப் பதிந்து பார்த்தால் மூன்றாவதில் பிள்ளை எவ்வளவு களைத்துப்போகிறது என்று தெரியும்.

வாசிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. திருப்பிப் போட்டா அசிங்கமா இருக்கு. பியானோ கெட்டுப்போச்சா அக்கா?

பியானோ நன்றாகத்தான் இருக்கிறது. வாசிக்கும்போது நமக்குப் பாதிக் காதுதான் வேலை செய்கிறது, மீதிக் கவனம் அடுத்த சுரம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும். பெடலை எடுக்காமலே நாலு சுரத்தைக் கலக்கியது, தெரிந்த இடம் வந்ததும் ஓடியது எல்லாம் திருப்பிப் போடும்போதுதான் கேட்கும். பதிந்த உடனே கேட்காமல் மறுநாள் கேட்டுப் பாருங்கள், கோபம் குறைவாக இருக்கும். இரண்டு டிராக்கில் பதிந்திருந்தால் வலது கையை அணைத்துவிட்டு இடது கையை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

எனக்கு ஒரு பாடத்தில் ஒரு சுரம் மட்டும் விழுங்கின மாதிரியே கேட்டது. எத்தனை முறை வாசித்தாலும் அதே இடம். கணினியில் திறந்து, முதல் பதிலில் சொன்னேனே, கட்டை இறங்கிய வேகத்தின் எண், அந்தச் சுரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தேன். முன்னும் பின்னும் 60, 63, 58 என்று இருக்க, அது மட்டும் 31. மகளுக்குக் காட்டினேன். "அம்மா, அது உங்க மோதிர விரல்" என்றாள். மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். 34.